மூன்றாவது மூலை

அடுப்புக்கு மேலிருந்த அலமாரிக் கதவு தானாகத் திறந்துகொண்டு ஆடியது. லவான் அதைச் சாத்தினாள். மறுபடி திறந்தது. மூன்றாம் தடவை சாத்தும்போதுதான் அண்ணாந்து பார்த்தாள். கூரையின் ஒரு மூலை நான்கு விரற்கடை இறங்கியிருந்தது.

"ஓரின், எந்திரி. கூரை சாயுது."

"சாயட்டும். நானுந்தான் சாஞ்சு கெடக்கேன்."

"வெளையாடாதே கெழவா. மூணாவது மூலை."

மூலை எண்ணைக் கேட்டதும் அவன் போர்வையை உதறிவிட்டு எழுந்தான்.

பிக்கப் வண்டியின் முதுகில் ஏற்றிவைத்த அந்த ஒற்றை அறைதான் ஆறு வருஷமாக அவர்களுக்கு வீடு. வண்டி ஓடும்போது கூரை தாழ்ந்து பெட்டியைப் போல மூடிக்கொள்ளும். நின்ற இடத்தில் பொத்தானை அழுத்தினால் நான்கு மூலைகளிலும் உள்ள ஹைட்ராலிக் சிலிண்டர்கள் எண்ணெய் குடித்து நீண்டு, கூரையை ஆள் நிற்கும் உயரத்துக்குத் தூக்கும். தூக்கியபின் மூலைக்கு ஒன்றாக, விரல் தடிமனுள்ள இரும்புப் பின்னை அங்குள்ள துளையில் செருகிவிட வேண்டும். எண்ணெயை நம்பித் தலையைக் கொடுக்கக் கூடாது என்பது ஓரின் போட்ட சட்டம். அவன் வெளியே சுற்றி வந்து "ஒண்ணு!" என்று குரல் கொடுப்பான். உள்ளே நிற்கும் லவான் துளை வழியாகப் பின்னின் முனை எட்டிப்பார்க்கிறதா என்று பார்த்துவிட்டு "ஆச்சு!" என்பாள். நான்கு முறை கூவி, நான்கு முறை பதில் சொன்னால்தான் வீடு வீடாகும்.

நேற்று துணி துவைக்க நகரத்துக்குப் போய்த் திரும்பி, சாயங்காலம் கூரையைத் தூக்கியிருந்தார்கள்.

ஓரின் வெளியே போய் மூன்றாவது மூலையைத் தடவினான். "இரும்புப் பின்னே இல்ல. நேத்து ஆச்சுன்னு கத்தினது யாரு?"

கத்தியது அவள்தான். சூப்பைக் கிளறிக்கொண்டே, பார்க்காமல் கத்தினாள். "நான்தான்," என்றாள்.

நாற்காலியில் கிடந்த அவனுடைய கோட்டை எடுத்து மாட்டப்போனவள், அதன் ஒரு பை கனப்பதை உணர்ந்தாள். கையை விட்டாள். இரும்புப் பின். அதை உள்ளங்கையில் மூடிக்கொண்டாள். பிறகு வெளியே போய் அவனிடம் நீட்டினாள்.

"படிக்கிட்ட கெடந்துச்சு."

"பார்த்து வைக்க வேணாமா?" என்றான், கோபம் இல்லாமல்.

பின் போடாதது ஒரு தப்பு. ஆனால் எண்ணெய் ஒழுங்காகப் பிடித்திருந்தால் பின் இல்லாவிட்டாலும் கூரை இறங்கியிருக்காது. அது வேறு கோளாறு. பார்த்துவிட அன்று அவகாசமும் இருந்தது. இரண்டு நாளாக வெயில். அவர்கள் கூலிக்கு வந்திருந்த சர்க்கரை பீட் அறுவடை நின்றிருந்தது. வெயிலில் பறித்துக் குவித்தால் பீட் கிழங்கு குவியலுக்குள்ளேயே வெந்து அழுகும். அதனால் சர்க்கரை ஆலைக்காரர்கள் வெப்பமானியைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள். வேலைக்காரர்கள் போனைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள். குளிர்ந்ததும் செய்தி வரும். வந்த ஒரு மணி நேரத்தில் ஆள் நிற்க வேண்டும்.

அந்தச் செய்தி வரக் கூடாது என்றுதான் லவான் வேண்டிக்கொண்டிருந்தாள்.

ஓரின் பைலர் ஓட்டுபவன். கிழங்கை மலையாகக் குவிக்கும் இரண்டு மாடி உயர இயந்திரம் அது. லாரிகள் அதன்மேல் ஏறி நின்று கிழங்கைக் கொட்டும். கொட்டிய பின் ஓட்டுபவன் லாரி ஏறிய இரும்புப் பலகைகளைத் தூக்குவான், அடுத்த லாரிக்காக இறக்குவான். கீழே நிற்கும் ஆள் இரண்டு கையையும் மேலே காட்டாமல் பலகையை இறக்கவே கூடாது. மூன்று நாளைக்கு முன் ஓரின் அந்தச் சைகைக்குக் காத்திராமல் இறக்கினான். கீழே கிழங்கைக் கூட்டிக்கொண்டிருந்த ரெனாட்டா விலகிப் பாய்ந்தாள். அவள் துடைப்பம் இரண்டாக ஒடிந்தது. எல்லோரும் சிரித்தார்கள். பரிசோதனைக்கு எடுக்கும் மாதிரிக் கிழங்குப் பைகளைக் கட்டும் மேசையிலிருந்து லவான் பார்த்துக்கொண்டிருந்தாள். மேலே கண்ணாடிக்குப் பின்னால் ஓரினின் முகத்தில் ஒன்றுமே இல்லை. நடந்தது அவனுக்குத் தெரியவே இல்லை.

நாலு மரத்தூண்களை மூலைகளில் நிறுத்திக் கூரையைத் தாங்க வைத்தார்கள். ஓரின் அழுத்தத்தை விடுவித்து, மூன்றாவது சிலிண்டரைக் கழற்றினான். அதைச் செய்யும்போது அவன் பழைய ஓரின். நெப்ராஸ்காவில் முப்பத்தைந்து வருஷம் டிராக்டர்களுக்கும் அறுவடை எந்திரங்களுக்கும் ஹைட்ராலிக் பார்த்த கை அது. அளவைப் பார்க்காமலே ஸ்பேனரை எடுத்தது. தண்டை உருவி, எண்ணெய் கசியாமல் அடைக்கும் ரப்பர் சீல் வளையத்தை நகத்தால் நெம்பி வெளியே எடுத்தது.

சீல் ஊறிப்போன திராட்சை மாதிரி உப்பி, கொழகொழவென்று இருந்தது.

ஓரின் அதை மூக்கருகே கொண்டுபோனான். சிலிண்டருக்குள் விரலை விட்டு, தேய்த்துப் பார்த்து, மறுபடி முகர்ந்தான். முகம் சிவந்தது.

"எவன்டா இதுல பிரேக் ஆயில் ஊத்தினது?"

அந்த விரலை லவானின் மூக்கருகே நீட்டினான்.

"இது செவப்பு எண்ணெய் சிஸ்டம். இதுல போய் பிரேக் ஆயிலை ஊத்தினா எல்லா ரப்பரும் போச்சு. நாலும் போச்சு! இந்த மூடியச் சுத்திப் பாரு, பெயிண்டு எப்படிப் பொறிஞ்சு போயிருக்குன்னு. பிரேக் ஆயில் சிந்தினாத்தான் இப்படி ஆவும். முதல் வருஷம் வேலைக்கு வந்த பயகூட இதைச் செய்ய மாட்டான்." அவளைப் பார்த்தான். குரல் இறங்கியது. "லவான், நீ ஊத்தினியா?"

மூன்று வாரத்துக்கு முன், பீட் வேலைக்கு வந்து இறங்கிய அன்று, அவள் பேர் பதியப் போயிருந்தாள். திரும்பி வந்தபோது அவன் எண்ணெய்த் தொட்டியின் மூடியைத் திருகிக்கொண்டிருந்தான். "கூரை தாகம்னு சொல்லிச்சு, குடிக்கக் குடுத்தேன்," என்று சிரித்தான். புனல் அவன் கையில்தான் இருந்தது.

அவள் உள்ளே போய் இருக்கையின் பலகையைத் தூக்கினாள். ஊரில் அவள் வாங்கிவைத்த சிவப்பு எண்ணெய் டப்பா, முத்திரை கிழியாமல் அப்படியே இருந்தது. பக்கத்தில் வண்டிக்கென்று வைத்திருந்த பிரேக் ஆயில் புட்டிகள் மூன்றும் காலி.

இந்த மனிதன் இதைச் செய்துவிட்டு, மறந்து, பிறகு தானே கண்டுபிடித்து, யார் செய்தது என்று கேட்கிறான். கான்சஸில் அடுப்பை எரியவிட்டுக் கிளம்பியபோதும் இப்படித்தான் கேட்டான். பணப்பையைக் குளிர்பெட்டிக்குள் வைத்தபோதும், தெரிந்த வழியில் நாற்பது மைல் தப்பாகப் போனபோதும். ஒவ்வொரு முறையும் அவன் கண்ணில் ஒரு பயம் வந்து நிற்கும். அந்தப் பயத்தைப் பார்க்க முடியாமல் அவள் ஒவ்வொரு முறையும் ஒரே பதிலைச் சொன்னாள்.

இப்போதும் சொன்னாள். "நானாத்தான் இருக்கும்."

பயம் விலகியது. அவன் எண்ணெய்க் கையைத் துணியில் துடைத்துவிட்டு, புறங்கையால் அவள் கன்னத்தைத் தொட்டான். "பரவால்ல கெழவி. சீல் செட்டு வச்சிருக்கேன். சாயங்காலத்துக்குள்ள முடிச்சுரலாம்."

நாள் முழுக்க வேலை. நான்கு சிலிண்டரையும் கழற்றி, குழாய்களில் ஸ்பிரிட் ஊற்றிக் கழுவி, காற்றடித்து உலர்த்தினார்கள். புதுச் சீல்களைச் சிவப்பு எண்ணெயில் முக்கி முக்கிப் பொருத்தினான் ஓரின். அவள் எடுத்துக் கொடுத்தாள், பிடிக்கச் சொன்னதைப் பிடித்தாள், அவன் பார்க்காதபோது ஒவ்வொரு இணைப்பையும் இன்னொரு முறை திருகிப் பார்த்தாள். எல்லாம் சரியாகவே இருந்தன. அதுதான் அவளை அலைக்கழித்தது. கை இவ்வளவு சரியாக இருக்கும்போது யாரிடம் போய் என்னவென்று சொல்வது?

மதியம் ரெனாட்டா தட்டு நிறைய, சோளத் தோகையில் சுற்றி அவித்த சூடான தமாலே கொண்டுவந்தாள். அடுத்த வண்டியில் இருப்பவள்; டெக்சஸில் அம்மாவிடம் இரண்டு பிள்ளைகளை விட்டுவிட்டு வந்தவள்.

"தலைவரே, சாப்பிடுங்க. என் தலைமேல பலகையப் போட்டதுக்குக் கோவமில்லன்னு காட்டத்தான்."

ஓரின் அவளைப் பார்த்தான். "எப்போ போட்டேன்?"

ரெனாட்டா வாய்விட்டுச் சிரித்தாள். "பாருங்க லவான், மூஞ்சிய எப்படி வச்சுக்கிறாருன்னு! ஒரு துடைப்பம் கடன், சொல்லிட்டேன்."

அவள் சிரிக்கிறாள் என்பதால் அவனும் சிரித்தான். சிரித்துக்கொண்டே லவானைப் பார்த்தான், யாராவது மீதியைச் சொல்லிவிடுவார்கள் என்பதுபோல. லவான் தமாலேயின் தோகையை உரித்தாள். வடக்கே மேகம் திரண்டிருந்தது. காற்று சில்லென்று திரும்பியிருந்தது.

"தட்டைக் கழுவிக் குடுத்துட்டு வரேன்," என்று கிளம்பியவள், நேரே மேற்பார்வையாளர் டாக்னியின் அறைக்குப் போனாள்.

டாக்னி நாற்பது வயதுக்காரி. இந்த ஊர்க் கிழங்கு மண்ணில் பிறந்து வளர்ந்தவள். இரண்டு போன், ஒரு வாக்கிடாக்கி, ஆறிய காப்பி. "வாங்க லவான். ஆலைக்காரங்க இன்னும் கொஞ்ச நேரத்துல சொல்லிருவாங்க. நாலு மணிக்குத் தொடங்கலாம்னு நெனைக்கிறேன்."

"ஓரினை பைலர்ல ஏத்தாதீங்க."

டாக்னி பேனாவைக் கீழே வைத்தாள்.

"அவனுக்கு மறதி. சாதாரண மறதி இல்ல. அன்னைக்கு ரெனாட்டா மேல பலகைய இறக்கினானே, அது அவனுக்கு ஞாபகத்துலயே இல்ல. இன்னைக்கு மத்தியானம் அவளையே கேக்கறான், எப்போன்னு. அவளை நசுக்கிடுவான். அப்புறம் அழுது புண்ணியமில்ல."

டாக்னி எழுந்துபோய்க் கதவைச் சாத்திவிட்டு வந்தாள். நாற்காலியை லவானுக்குப் பக்கத்தில் இழுத்துப் போட்டுக்கொண்டாள். அவள் முகத்தில் இருந்த கனிவைப் பார்த்ததும் லவானுக்கு ஏதோ சரியில்லை என்று பட்டது.

"லவான், போன வாரம் உங்களை லாரிப் பக்கத்துலேர்ந்து எடுத்து மாதிரி மேசைக்கு மாத்தினேன்ல, ஏன்னு நீங்க கேக்கவே இல்லியே."

"முட்டி வலிக்குதுன்னு ஓரின் சொல்லியிருப்பான்னு..."

"முட்டி இல்ல." டாக்னி அவள் கையைப் பிடித்தாள். "அவர் வந்து ஒரு மணி நேரம் ஒக்காந்துட்டுப் போனார். கண்ணு கலங்கிடுச்சு மனுஷனுக்கு. அடுப்ப எரிய விட்டுட்டாளாம், பணப்பைய எங்கியோ வச்சுட்டாளாம். எல்லாம் அவ வாயாலயே ஒத்துக்கிட்டா, பாவம், அவளை வண்டிங்க நடமாடற எடத்துல நிறுத்தாதேன்னார். உங்ககிட்ட சொல்ல வேணாம், மனசு ஒடஞ்சிரும்னார்."

லவான் வாயைத் திறந்தாள். எல்லாம் அவள் வாயாலேயே சொன்னதுதான்.

"அதெல்லாம் அவன் பண்ணினது," என்றாள் கடைசியில். "நான் ஏத்துக்கிட்டேன்."

"ம்."

"நம்புங்க டாக்னி! இன்னைக்குக் காலைலகூட பிரேக் ஆயில்..."

"யாரு ஊத்தினதாச் சொன்னீங்க?"

லவான் கையை உருவிக்கொண்டாள்.

"எங்க அத்தைக்கும் இப்படித்தான் ஆரம்பிச்சுது," என்றாள் டாக்னி மெதுவாக. "தான் செஞ்சதெல்லாம் மாமா செஞ்சதுன்னு சாதிப்பாங்க. உங்களைச் சொல்லல. ஆனா எனக்கு வேற ஆள் இல்ல. ஓரின் மாதிரி ஓட்டுறவர் இந்தக் களத்துலயே கெடையாது. ஒரு நாள் தாமதமா வந்ததில்ல. கூப்பிட்டும் வராதவங்க பேரை அந்த எடத்துலயே அடிச்சுடுவேன், அது வேற. வந்து நிக்கற மனுஷனை எதைச் சொல்லி எறக்கறது?"

மேசைமேல் போன் அதிர்ந்தது. டாக்னி பார்த்தாள். "நாலு மணி," என்றாள்.

லவான் திரும்பி வந்தபோது மணி மூன்றேகால். ஓரின் பொத்தானருகே நின்றிருந்தான். அவளைக் கண்டதும் கையசைத்தான். "வா, வா. நீ பார்க்கணும்னுதான் நிறுத்தி வச்சிருக்கேன்."

பொத்தானை அழுத்தினான். மோட்டார் முனகியது. கூரை எழும்பியது. ஒரு மூலை முந்தாமல், ஒரு மூலை பிந்தாமல், தட்டில் வைத்த தண்ணீர்கூடத் தளும்பாது என்பதுபோல எழும்பியது. இறக்கினான், ஏற்றினான், காற்றுக்குமிழி முழுக்கப் போகும்வரை ஐந்து தடவை. ஒவ்வொரு தடவையும் சின்னப்பிள்ளையைப் போல அவளைத் திரும்பிப் பார்த்தான். நாற்பத்தோரு வருஷத்துக்கு முன் ஒரு திருவிழா மைதானத்தில், ராட்டினம் பழுதாகி நின்றபோது, கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்து அதை ஓடவைத்துவிட்டு அவன் இப்படித்தான் திரும்பிப் பார்த்தான். அன்றைக்கு யாரைப் பார்க்கிறான் என்று அவளும் பின்னால் திரும்பிப் பார்த்தாள்.

நான்கு பின்னையும் இந்த முறை அவளே சுற்றி வந்து செருகினாள்.

ஓரினின் போன் கூவியது. "நாலு மணிக்காம்! கணக்கா முடிச்சோம் பாத்தியா?" அவன் பூட்ஸ் மாட்ட உள்ளே போனான்.

ரெனாட்டா அடுத்த வண்டியின் படியில் உட்கார்ந்து முடியைப் பின்னித் தொப்பிக்குள் செருகிக்கொண்டிருந்தாள். வாசலில் ஒரு புதுத் துடைப்பம் சாத்தியிருந்தது.

லவான் அதைப் பார்த்தாள். பிறகு கருவிப்பெட்டியிலிருந்து ஸ்பேனரை எடுத்தாள். காலையிலிருந்து அவன் கேட்கக் கேட்க அவள் எடுத்துக் கொடுத்த அதே ஸ்பேனர். மூன்றாவது மூலைக்குப் போனாள். எண்ணெய்க் குழாய் சிலிண்டரோடு சேரும் இடத்தில் நட்டைப் பிடித்து, பின்கள் தாங்கிக்கொள்ளும் என்று ஒரு முறை சரிபார்த்துவிட்டு, திருகினாள்.

சிவப்பு எண்ணெய் பீறிட்டது. அவள் மார்பில், கையில், தரையில். அவள் நகரவில்லை. இன்னும் ஒரு சுற்றுத் திருகினாள்.

"லவான்!"

ஒரு காலில் மட்டும் பூட்ஸோடு அவன் ஓடிவந்தான். ஒழுகும் குழாயைப் பார்த்தான், அவள் கையிலிருந்த ஸ்பேனரைப் பார்த்தான். நாள் முழுவதும் முதுகு ஒடியச் செய்த வேலை அவன் காலடியில் மண்ணில் ஊறிக்கொண்டிருந்தது.

"என்ன பண்ணினே?"

"தெரியல," என்றாள் லவான். "ஞாபகம் இல்ல."

இத்தனை நாளும் "நான்தான்" என்று மட்டுமே சொல்லியிருந்தாள். ஞாபகமில்லை என்று சொன்னது அதுவே முதல் தடவை. அதைச் சொன்னதும் ஓரின் முகம் இடிந்துபோனது. அவன் திட்டவில்லை. அவள் விரல்களை ஒவ்வொன்றாக விரித்து ஸ்பேனரை வாங்கிக்கொண்டான். நட்டை இறுக்கினான். தன் கழுத்துத் துணியை அவிழ்த்து அவள் கையிலிருந்த எண்ணெயைத் துடைத்தான், விரலிடுக்கெல்லாம் விடாமல்.

நாலடிக்கப் பத்து நிமிஷம் இருக்கையில் டாக்னியிடமிருந்து போன் வந்தது. அவன் நின்ற இடத்திலேயே பேசினான்.

"டாக்னி, நான் வரல... இல்லம்மா, கேளு. அவளைத் தனியா விட முடியாது. இன்னைக்கு ரொம்ப மோசம்... தெரியும். பேரை அடிச்சுக்கோ, தப்பா நெனைக்க மாட்டேன்... இல்ல, நாளைக்கும் வர மாட்டேன். ஃபார்கோல டாக்டர்கிட்டக் கூட்டிட்டுப் போறேன்."

அவன் போனைப் பையில் போட்டதும் லவான் கேட்டாள். "ரெண்டு பேருமே காட்டிக்கலாமா?"

"எனக்கு எதுக்கு?"

"எனக்குப் பயமா இருக்கு. நீயும் பக்கத்துல ஒக்காந்து அதே பரீட்சையெல்லாம் எழுதினா எனக்குத் தெம்பா இருக்கும்."

அவன் யோசித்தான். "சரி," என்றான். "நான் பக்கத்துலயேதான் இருப்பேன். நீ எதை மறந்தாலும் நான் ஞாபகம் வச்சுக்கறேன். அழாதே."

அவள் அழுதது அப்போதுதான் அவளுக்கே தெரிந்தது.

டப்பாவில் மிச்சமிருந்த எண்ணெயை அவன் தொட்டியில் ஊற்றினான். அவள் டப்பாவின்மேல் எழுதியிருந்ததைப் படித்துப் பார்த்த பிறகுதான் ஊற்ற விட்டாள். அதைப் பார்த்து அவன் பரிவோடு தலையாட்டினான். பின்களை உருவி, கூரையை இறக்கி ஏற்றிக் காற்றை வெளியேற்றினான். களத்துப் பக்கம் லாரிகள் வரிசை கட்டின. பைலர் உறுமித் தொடங்கியது. டாக்னியே ஏறி உட்கார்ந்திருப்பாள். ரெனாட்டா துடைப்பத்தைத் தோளில் போட்டுக்கொண்டு, ஏன் இன்னும் வரவில்லை என்று கைச்சாடையில் கேட்டபடி ஓடினாள்.

"உள்ள போ கெழவி. பின் போடறேன். பார்த்துப் பதில் சொல்லணும், என்ன? அவசரமே இல்ல."

லவான் உள்ளே போய் நின்றாள்.

"ஒண்ணு!"

துளையில் இரும்பு முனை மின்னியது. "ஆச்சு!"

"ரெண்டு!"

"ஆச்சு!"

அவன் காலடி வண்டியைச் சுற்றி வந்தது. ஒரு பூட்ஸ் அழுத்தமாக, ஒரு கால் வெறுமையாக.

"நாலு!"

லவான் மூன்றாவது மூலையைப் பார்த்தாள். துளை வழியாக வெளிச்சம் ஒரு காசளவு உள்ளே விழுந்திருந்தது.

"ஆச்சு," என்றாள்.

இழுப்பறையைச் சத்தமில்லாமல் திறந்து நீளமான திருப்புளியை எடுத்தாள். உள்பக்கமிருந்தே அந்தத் துளையில் செருகி, பிடிவரை அழுத்தினாள். வெளிச்சம் மறைந்தது. வெளியே ஓரின் கூரையை இரண்டு தட்டுத் தட்டி, எல்லாம் சரியாகிவிட்டது என்றான்.